வெள்ளிக்கிழமை நாலு மணி

அது பெரிய சத்தமில்லை. எவர்சில்வர் தட்டில் ஒரு மொச்சைக்கொட்டையைப் போட்டால் எழுமே, அவ்வளவுதான். டங்கென்று தொடங்கி, முடிவதற்குள் தானே கூச்சப்பட்டு அடங்கிவிட்ட மாதிரி. இருபது வருடங்களுக்கு முன்னால் ஈரோட்டில், குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு பல் டாக்டரின் அறையில், யாழினியின் சொத்தைப் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டபோது எழுந்த சத்தம். யாழினி, சுகந்தியின் செத்துப்போன அக்காவின் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அழவில்லை. பஞ்சைக் கடித்தபடி சத்தம் வந்த பக்கம் கண்ணை உருட்டி, "சித்தி, அது என்னுதா?" என்று பஞ்சுக்குள்ளிருந்தே கேட்டாள். "உன்னுதுதான் சாமி." "அப்பக் குடுக்கச் சொல்லு." டாக்டர் சிரித்தார், சுகந்தியும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்திருக்கிறது. இப்போது சேலத்தில், நாலாவது மாடியில் இருக்கும் இந்தப் பல் லேபில், ஏசிக் காற்று பிடரியிலேயே வந்து விழும் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை அழுத்தும்போது அந்தச் சத்தம் எங்கிருந்தோ கேட்டுவிடுகிறது. எல்லா நாளும் இல்லை. பால் பல், கடைவாய், வயது ஏழோ எட்டோ என்று சீட்டில் எழுதி வருகிற நாட்களில் மட்டும். இன்றைய சீட்டு அப்படித்தான் வந்திருக்கிறது. மித்ரா, பெண், எட்டு. கீழ்த்தாடை, இடது பக்கம், இரண்டாவது பால் கடைவாய்ப் பல் எடுத்தாகிவிட்டது. இடம் காக்கும் வளையம் ஒன்று, உலோகத்தில். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஒரு மணிக்குள் வரைந்து அனுப்பினால்தான் இன்றைக்கு இயந்திரத்தில் ஏறும். திரையில் வாய் இல்லை, உதடு இல்லை, எச்சில் இல்லை. ஒரு கீழ்த்தாடை மட்டும் வெண்ணெய் நிறத்தில் இருட்டில் மிதக்கிறது. சுட்டுவிரலை அசைத்தால் திரும்பும். இன்னும் அசைத்தால் கவிழும். குழந்தையின் வாய்க்குள் ஒரு பேனா போன்றதை விட்டுச் சுற்றி எடுத்துவிடுகிறார்கள், இரண்டே நிமிடம். யாழினிக்கு அப்படியில்லை. ரோஸ் நிறப் பசையைக் குழைத்துத் தட்டோடு வாயில் அமுக்கி அச்சு எடுத்தார்கள். தொண்டைவரை போய்விட்டது. அவள் ஓங்கரித்து, டாக்டரின் கைக்கடிகாரத்தின் மேலேயே காலையில் சாப்பிட்ட இட்லியை எடுத்துவிட்டாள். கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெள்ளி, மாலை 4. வேண்டாம். அந்தச் சீட்டுக்கு இப்போது போக வேண்டாம். முதலில் பட்டை.

பட்டை என்பது பின்னால் இருக்கும் பெரிய பல்லைச் சுற்றி அணைக்கிற வளையல். ஆறு வயதில் முளைத்து, சாகிறவரை இருக்க வேண்டிய பல் அது. அதன் இடுப்பைச் சுற்றிச் சுகந்தி ஒரு கோடு இழுக்கிறாள், ஈறுக்கு மேலே, ஈறைத் தொடாமல். பசை நிற்க ஒரு மயிரிழை இடைவெளி விடுகிறாள். அங்கிருந்து இரண்டு கைகளைப் போலக் கம்பி கிளம்பி, காலியான இடத்தின் இரண்டு ஓரமாகப் போய், முன்னால் இருக்கும் பல்லைத் தொட்டு ஒன்றாகச் சேர வேண்டும். அவ்வளவுதான் மொத்தச் சாமானும். பால் பல் காலத்துக்கு முன்னால் போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சும்மா இருப்பதில்லை. சாய்கிறோம் என்று தெரியாமலே சாயும். தூக்கத்தில் தோளில் விழும் பஸ் பயணி மாதிரி. ஒரு வருடத்தில் அந்த இடத்தைத் தின்றுவிடும். அடியிலிருந்து வர வேண்டியது மேலே வரும்போது கதவு சாத்தியிருக்கும். அதற்காகத்தான் இந்த வளையம். கடிக்காது, மெல்லாது, அழகுக்கும் ஆகாது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்களே, அந்தத் துண்டு. ஆள் ஏறி வந்ததும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். இதை அதுகூடச் செய்ய மாட்டார்கள். இடுக்கியால் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். "என்னக்கா, அந்தக் கம்பிக்கு மூக்குத்தி ஏதும் குத்தப் போறீங்களா? பத்து மணியிலிருந்து அதையே உருட்டிக்கிட்டிருக்கீங்க." அடுத்த மேஜையில் பீங்கான் பல்லுக்கு வண்ணம் தீட்டும் ஆண்டனி. பதினைந்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். தூரிகையை நாக்கில் தொட்டுக்கொள்ளாதே என்று பதினைந்து வருடமாகச் சொல்லியாகிறது. "உன் பல்லெல்லாம் மஞ்சளா இருக்குன்னு போன வாரம் திரும்பி வந்துச்சே, அதைப் போய்ப் பாரு." "அந்தாளு பல்லே மஞ்சள்தாங்க்கா. வெத்தலை போடுறவருக்கு நான் நிலாவா வரைய முடியும்?" அவன் சிரிக்கிறான். மஞ்சள் என்றதும் யாழினியின் அப்பா, மாமாவின் சட்டை வாசனை வந்துவிடுகிறது. ஈரோட்டில் அவருக்கு மஞ்சள் மண்டி. துவைத்த சட்டையிலும் போகாது, கொடியில் காயும்போதும் அடிக்கும். அந்தச் சட்டைகளை ஆறு வருடம் சுகந்திதான் துவைத்துக் காயப்போட்டாள். எதற்காக? இந்தக் கேள்வியும் வேண்டாம். வளையத்தின் அகலம் எவ்வளவு விட வேண்டும் என்பதுதான் இப்போதைய கேள்வி. அடியில் இருந்து வருகிற பல்லின் தலை உரசாமல் நுழைந்து வர வேண்டும். அடியில் இருந்து வருகிற பல்.

அங்கேதான் காலையிலிருந்து வேலை சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஆஸ்பத்திரிப் பெண் ஸ்கேனோடு எக்ஸ்ரேயையும் சேர்த்து அனுப்பிவிட்டாள், கவனக்குறைவாக. லேபுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. "ஈறுக்கு மேல நமக்கு, ஈறுக்குக் கீழ டாக்டருக்கு" என்று முதலாளி கருணாகரன் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவார். சுகந்தி அதைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டாள். கறுப்பில் வெள்ளையாகக் குழந்தையின் தாடை முழுவதும். மேலே பால் பற்கள், அவற்றுக்கு அடியில் எலும்புக்குள் காத்திருக்கும் பெரிய பற்களின் மொட்டுகள், ஒவ்வொன்றும் தன் பைக்குள் சுருண்டு. வலது பக்கம் இருக்கிறது. முன்னால் எல்லாம் இருக்கிறது. இடது பக்கம், அந்தக் காலியிடத்துக்குக் கீழே, ஒன்றுமில்லை. வெறும் எலும்பு, மழைக்காலச் சுவர் மாதிரி சாம்பல் பூத்து. பெரிதாக்கிப் பார்த்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மொட்டு இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, படித்திருக்கிறாள். அப்படியானால் இந்தக் குழந்தை எதற்காக இந்தக் கம்பியைச் சுமக்க வேண்டும்? வராத ஒருவருக்காக ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு, கேட்கிறவர்களையெல்லாம் "ஆள் வருது, ஆள் வருது" என்று விரட்டிக்கொண்டு, எத்தனை வருடம்? டாக்டர் பார்த்திருப்பாரா? பார்க்காமல் எழுதியிருப்பாரா? நாளைக்கு நாற்பது வாய்களைப் பார்க்கிறவர்கள், விட்டுப்போவதும் உண்டு. ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். போன் மேஜைமேல்தான் இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படித்தான் எட்டியது. நாமக்கல் டாக்டர் ஒருவருக்கு. நீங்கள் மூடி போடச் சொன்ன பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் விரிசல் தெரிகிறதே என்று பணிவாகத்தான் சொன்னாள். அவர் கருணாகரனைக் கூப்பிட்டு, "உங்க ஆளு எனக்குப் பாடம் எடுக்குது" என்று சொல்லிவிட்டு வேலையை வேறு லேபுக்கு மாற்றிவிட்டார். கருணாகரன் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "சுகந்திம்மா, நமக்கெதுக்குங்க அது? வட்டம் போடச் சொன்னா வட்டம் போடுவோம், சதுரம் கேட்டா சதுரம். வயசுல மூத்தவங்க, அதனால இந்தத் தடவை இதோட விடுறேன். மறுக்கா போனைத் தொட்டீங்கன்னா வேற இடம் பாத்துக்குங்க." நாற்பத்தேழு வயதில் எங்கே போய்ப் பார்ப்பது. புதிய லேப்களில் எல்லாம் கல்லூரி முடித்த பிள்ளைகள், இவள் ஒரு பல் வரையும் நேரத்தில் மூன்று வரைகிறார்கள். அம்மாப்பேட்டை வீட்டில் அப்பா, எண்பத்தொரு வயது, காது சுத்தமாகக் கேட்காது, மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவரை வைத்துக்கொண்டு எங்கே போக. அனுப்பிவிடலாம். சீட்டில் கேட்டது வளையம், கொடுப்பது வளையம். ஈறுக்குக் கீழே என்ன இருந்தால் என்ன.

அப்பாதான் சொன்னார், "அக்கா இடத்துக்குத் தங்கச்சிதான் போகணும், ஊர்ல எங்கயும் நடக்கிறதுதானே." அக்கா வத்சலா மஞ்சள் காமாலையில் போய் முப்பதாம் நாள். யாழினிக்கு ஒரு வயது முடிந்திருந்தது, வந்தவர்கள் மடியிலெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதே வாரத்தில்தான் சுகந்தியின் பி.எஸ்.ஸி. முடிவும் வந்தது. விலங்கியல், முதல் வகுப்பு. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "ஒரு வருஷம் போகட்டும், இப்பவே பேசினா நல்லாருக்காது. அதுவரைக்கும் குழந்தைக்குத் துணையா இவ இருக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் போனது. "குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார்கள். பள்ளிக்கூடம் போனது. சுகந்தியைப் பெண் கேட்டு அந்தியூரிலிருந்து ஒருவர் வந்தார், பிறகு திருச்செங்கோட்டிலிருந்து. "அது முடிவான மாதிரிதாங்க" என்று அப்பா காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். முடிவான மாதிரி. ஆறு வருடமும் அந்த மாதிரியிலேயே போனது. அவள் மாமாவை விரும்பினாளா என்றால், இல்லை. அவர் செருப்பைத் தேய்த்து நடக்கும் ஓசைகூடப் பிடிக்காது. சாப்பிடும்போது மோரை உறிஞ்சும் சத்தம் பிடிக்காது. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் தன்னைக் கேட்க வேண்டும் என்று விரும்பினாள். கேட்டிருந்தால் மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. ஒரு நாள் கூடத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், அடுக்களையில் இவள் தயிர் கடைந்துகொண்டிருந்தது தெரியாமல், அல்லது தெரிந்தே: "அவளை என்னங்க குறை சொல்றது, தங்கமான பொண்ணு. ஆனா முகத்தைப் பாத்தா வத்சலாதான் நிக்கிறா. அப்புறம் எப்படி?" மத்து நின்றது. பிறகு மறுபடி சுற்றியது. வெண்ணெய் திரளுகிற நேரம், நிறுத்தினால் கெட்டுவிடும். வெண்ணெயை எடுத்து உருட்டித் தண்ணீரில் போட்டாள். திரையில் மிதக்கிற இந்தத் தாடைக்கும் அதே நிறம். அந்த வருடம் யாழினிக்குப் பல் சொத்தையானது. ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கி, இரவெல்லாம் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அனத்தியது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனதும் சுகந்திதான். பிடுங்கிய பிறகு டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இங்கே ஒரு கம்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் பின்பல் முன்னால் வந்துவிடும், அடியில் இருக்கிற பல்லுக்கு வழி இருக்காது. மாமாவிடம் சொன்னபோது, "பால் பல்லுதானே, விழுந்தா முளைக்கப் போகுது. அதுக்கு எதுக்குக் கம்பி கட்டறது? வேலியா?" என்றார். இவளாகவே மறுநாள் கூட்டிப்போய் அச்சு எடுக்க வைத்தாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அவளும் யாழினியும் மட்டும் அறிந்த ரகசியம். அதுவும் குழந்தைக்கு நாள், கிழமை தெரியாது. கம்பி மாட்ட வரச் சொன்ன சீட்டு சுகந்தியின் பர்ஸில் இருந்தது. வெள்ளி, மாலை 4.

மறந்துவிட்டேன். இருபது வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறாள், யாரும் கேட்காமலே. அந்த வாரம் அப்படி, யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? திங்கட்கிழமை கோயிலில் சுருக்கமாக மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. கலைச்செல்வி, கரூர்ப் பெண், பேங்கில் வேலை, முப்பத்திரண்டு வயதுவரை தம்பிகளைப் படிக்கவைத்ததில் தள்ளிப்போன கல்யாணம். கெட்டவள் என்று சொல்ல வழியில்லை. அதுதான் பெரிய கஷ்டம். செவ்வாய்க்கிழமை சுகந்தி பெட்டியை இறக்கித் துடைத்தாள். புதன்கிழமை துணி அடுக்கினாள், ஆறு வருடம் ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை யாழினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், இருந்தால் அழும் என்று. அனுப்பும்போது இவள்தான் தலை பின்னினாள். "சாயந்தரம் சீக்கிரம் வா சித்தி" என்றது, இவள்தான் தினமும் பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறவள். சரி என்றாள். பிறகு வாசல்படி. கலைச்செல்வி கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள். "பால்ல சக்கரை போடணுங்களா?" "அரை ஸ்பூன்." "தலைக்கு என்னைக்குத் தண்ணி ஊத்துவீங்க?" "சனிக்கிழமை. சீயக்காய் கண்ணுல பட்டா கத்துவா, தலையைப் பின்னால சாய்ச்சுக்கணும்." "ராத்திரி விளக்கு?" "சின்ன விளக்கு எரியணும்." எல்லாம் சொன்னாள். காய்ச்சல் வந்தால் கால் சூடாகாமல் காது சூடாகும் என்பதைக்கூடச் சொன்னாள். கலைச்செல்வியின் கையெழுத்து பேங்க் கையெழுத்து, குட்டிக் குட்டியாக, ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல். எழுதி முடித்து நிமிர்ந்தாள். "வேற ஏதாச்சும் இருக்குங்களா? விட்டுப்போச்சுன்னா எனக்குத் தெரியாது, சொல்லிட்டுப் போங்க." வெயில் படியில் பாதி ஏறியிருந்தது. மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், பஸ் ஸ்டாண்டில் விடுவதற்கு. பர்ஸ் கக்கத்தில் இருந்தது. கக்கம் வியர்த்திருந்தது. "வேற ஒண்ணுமில்லைங்க." மறந்துவிட்டேன். "அக்கா, சாப்பிடப் போலாமா? ஒரு மணியாகப் போகுது" என்று ஆண்டனி எழுந்து முதுகை நெட்டி முறிக்கிறான். "நீ போ." "அந்தக் கம்பியைப் பெத்தது நீங்கதான் போல." அவன் போகிறான். அறையில் ஏசியின் இரைச்சல் மட்டும். வளையம் முடிந்துவிட்டது. திரையில் அதன் வெள்ளி நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு கைகளும் ஒரே அளவில், முன்பல்லைத் தொட்டும் தொடாமலும். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்காகத்தான் இவ்வளவும். அனுப்பு என்ற பொத்தானின் மேல் அம்பு நிற்கிறது. கை மவுஸில் இல்லை. கை போனில் இருக்கிறது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருக்கிறது. வைத்துவிடலாம், இன்னும் எடுக்கவில்லை, வைத்துவிடலாம். அப்பாவுக்கு மாத்திரை, மேட்டூர்ச் சாலையில் இருக்கிற லேப், அங்கே இருபத்தைந்து வயதுக்குமேல் எடுப்பதில்லையாம், வைத்துவிடலாம். "ஹலோ, ஹரிப்ரியா." சின்ன வயதுக் குரல், வாயில் எதையோ மென்றுகொண்டு. "டாக்டர், நான் லேப்லயிருந்து பேசறேன். சுகந்தி. அந்த மித்ராங்கிற குழந்தை... எக்ஸ்ரே தவறி எங்களுக்கு வந்துருச்சு. நான் பாத்திருக்கக் கூடாது. பாத்துட்டேன். அடியில மொட்டு இல்லைங்க டாக்டர். வளையம் போட்டா..." மெல்லுவது நின்றது. இப்போது திட்டு வரும் என்று காதை ஒடுக்கிக்கொண்டாள். வந்தது சிரிப்பு. கேலியில்லாத சிரிப்பு. "அக்கா, பாத்தேனே. நல்ல கண்ணு உங்களுக்கு. இல்லைன்னுதான் தோணுது. சிலதுக்கு ஒன்பது வயசுலகூட லேட்டாத் தெரியும், அது ஒரு சான்ஸ். அவங்க அம்மாகிட்டயும் சொல்லியாச்சு, அழுதாங்க." "அப்பறம் வளையம் எதுக்குங்க?" "வரலைன்னா பதினெட்டு வயசுக்குமேல இம்பிளாண்ட் வைக்கலாம்க்கா. அதுக்கு இடம் வேணும்ல? மூடவிட்டுட்டா அப்புறம் என்ன பண்ணினாலும் கஷ்டம். வளர வளர மாத்தி மாத்திப் போட்டுக்குவோம். வர்றதுக்கு ஆள் இல்லைன்னாலும் இடத்தை விடக் கூடாது." "சரிங்க டாக்டர்." "சாப்பிட்டீங்களா?" "இனிமேதாங்க." வைத்தாயிற்று.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கருணாகரன் நின்றுகொண்டிருந்தார், சாப்பாட்டுப் பையோடு. உள்ளே வந்தார். "யாருங்க லைன்ல?" பொய் சொல்லலாம். அப்பா என்று சொல்லலாம்; காது கேட்காதவரிடம் யார் போனில் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். "ஹரிப்ரியா டாக்டருங்க." "எதுக்கு?" "ஒரு சந்தேகம்." அவர் திரையைப் பார்த்தார், மூலையில் சின்னதாகத் திறந்து கிடந்த கறுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்தார். "தீந்துச்சா?" "தீந்துச்சுங்க." "மாசக் கடைசியில பேசிக்கலாம் சுகந்திம்மா" என்றார், மரியாதையாக, கலைச்செல்வி மாதிரியே மரியாதையாக, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போனார். பயம் வரவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து உதட்டுக்கு வருமுன் கசந்தது. வேலை போகும் என்று தெரிந்தே ஒரு வாய் திறந்தாயிற்று, இருபது வருடத்தில் முதல் தடவையாக. திறந்து சொன்னது தேவைப்படாத வார்த்தை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. குழந்தையின் அம்மா அழுதுகூட முடித்துவிட்டாள். தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நாளில், ஏழு வார்த்தை போதும்: நாளைக்கு நாலு மணிக்குப் பல் டாக்டர்கிட்டக் கூட்டிப் போங்க. எண்ணிப் பார்த்திருக்கிறாள், ஏழுதான். வராத ஒரு பல்லுக்குப் பத்து வருடம் இடம் வைக்கிறார்கள். வளர வளர மாற்றி மாற்றி வைக்கிறார்களாம். சுகந்திக்கு அந்த வீட்டில் ஒரு நாள் வைக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவள் படுத்திருந்த அறையில் கலைச்செல்வியின் தம்பிகள் பீரோவை நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். சேலம் வீட்டிலும் அவளுடைய கட்டிலில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. எங்கும் பக்கத்தில் இருந்தவை சாய்ந்து நெருங்கிவிட்டிருந்தன. ஆனால் இதெல்லாம் பேச்சு. இதையெல்லாம் பேசிப் பேசித்தான் அந்தப் படியைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள். மறக்கவில்லை. கலைச்செல்வி கேட்டபோது சீட்டின் மடிப்புகூட நினைவிருந்தது, நாலாக மடித்தது, ஒரு மூலையில் டாக்டரின் கையில் இருந்த ஈரம் பட்டு மை பரவியிருந்தது. சொல்ல வாய் எடுத்தாள். அந்தக் குட்டிக் குட்டிக் கையெழுத்தைப் பார்த்தாள். பாலும் சக்கரையும் தலைவகிடும் எல்லாம் அந்தத் தாளுக்குள் போய்விட்டன, ஆறு வருடமும் ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் அடங்கிவிட்டது, இன்னும் ஓரத்தில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. ஒன்றாவது இவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும். குழந்தையைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்றாவது இருக்கட்டும். அது போதாதென்று இன்னொரு கணக்கும் மனசு போட்டது: நாளைக்கு டாக்டர் அறையிலிருந்து கேட்பார்கள், இவர்கள் விழிப்பார்கள், சுகந்தி இருந்திருந்தால் என்பார்கள், கூப்பிடுவார்கள். பஸ் சங்ககிரி தாண்டும்போது சீட்டைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விட்டாள். வெள்ளிக்கிழமை முழுதும் பக்கத்து வீட்டு போன் அடிக்கிறதா என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு அடித்தது. வேறு யாருக்கோ. சுகந்தி மவுஸை எடுத்து, அம்பைக் கொண்டுபோய் வைத்து, அழுத்தினாள். டங்கென்றது, பெரிய சத்தமில்லை. மித்ராவின் வளையம் இயந்திரத்துக்குப் போய்விட்டது. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

யாழினிக்குப் பன்னிரண்டாவது வயதில் அந்தப் பல், வழியில்லாமல், நாக்குப் பக்கமாகத் திரும்பி முளைத்தது. பேசும்போதெல்லாம் நாக்கை அறுத்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்ததால், காலேஜில் சேருவதற்கு முந்தின வாரம் கலைச்செல்வி கூட்டிப்போய் அதைப் பிடுங்கவைத்தாள்.